கும்பகோணத்துக் கல்யாணத்துக்கு எழுதிய மொய்

கேள்வி: எனக்கு மன்னார்குடிப் பக்கம். வயது 39. சிங்கப்பூரிலிருந்து நண்பன் வந்திருந்தான். கூடப் படித்த நாலு பேர் சேர்ந்து, தை மாதம் ஒரு சனிக்கிழமை முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குள் கூடாரம் போட்டு ஒரு ராத்திரி தங்கப் போனோம். தெரிந்த படகுக்காரர் சாயங்காலம் ஒரு திட்டில் இறக்கிவிட்டுப் போனார். காலையில் வந்து அழைத்துக்கொள்வதாகப் பேச்சு. வீட்டில் கும்பகோணத்தில் கல்யாணம் என்று சொல்லியிருந்தேன். மனைவி நோட்டில் எழுதிவிட்டுக் கொடுத்த மொய்க் கவர் 501 ரூபாயைப் படகு டீசலுக்குக் கொடுத்துவிட்டோம். இறங்கிய பிறகுதான் 20 லிட்டர் தண்ணீர் கேன் என் கார் டிக்கியிலேயே கிடப்பது தெரிந்தது. அதைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னவன் மறந்துவிட்டான். விறகு வெட்டும்போது இன்னொருவன் கண்ணில் தில்லை மரத்துப் பால் தெறித்தது. கழுவத் தண்ணீர் போதவில்லை, போனில் சிக்னலும் இல்லை. நடுராத்திரிக்கு மேல் கேன் நண்பனின் மச்சான் வேறொரு படகில் தேடிக்கொண்டு வந்தார். நீர் வற்றியிருந்ததால் படகு கிட்டே வர முடியவில்லை. தொடையளவு சேற்றில் நடந்துபோய் ஏறினோம். கண் பிழைத்துவிட்டது. ஆனால் கேனை மறந்தவன் இன்றுவரை ஒரு மன்னிப்புக் கேட்கவில்லை. 30 வருஷ நட்பை முறித்துக்கொள்ளலாமா? இதற்கிடையில் வைகாசியில் மகளுக்குக் காதுகுத்து. “அந்தக் கும்பகோணத்து வீட்டு முகவரி கொடுங்க, பத்திரிகை வைக்கணும்” என்று மனைவி கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தைச் சுருக்கித்தான் போட்டிருக்கிறேன். முழுக் கடிதத்தில் கேனுக்கு இரண்டு பக்கம், கவருக்கு இரண்டு வரி. நான் அந்த இரண்டு வரியிலேயே நின்றுவிட்டேன்.

501 ரூபாய் பெரிய தொகை இல்லை. அது போகட்டும். “நோட்டில் எழுதிவிட்டுக் கொடுத்த” என்று நீங்களே எழுதியிருக்கிறீர்களே, அதைப் பற்றித்தான் எனக்குப் பேச்சு. நம் பக்கத்தில் மொய் என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பக்கம் ஆடி, ஆவணியில் மொய் விருந்துக்கென்றே பந்தல் போடுகிற சீமை இது. இன்றைக்கு நாம் செய்வது நாளைக்கு நம் வீட்டு விசேஷத்துக்குத் திரும்பி வரும். வராவிட்டால் கேட்கவும் செய்வார்கள். அந்தக் கணக்கைப் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள்தான் வைத்திருக்கிறார்கள். என் மாமியார் எழுதிய நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. ஊர், பேர், தொகை, பக்கத்தில் “பித்தளைக் குடமும் வைத்தார்கள்” என்று ஒரு குறிப்பு. குடும்பத்தின் மரியாதை முழுக்க அந்த நோட்டில் இருந்தது.

உங்கள் மனைவி அப்படியொரு நோட்டில், நடக்காத ஒரு கல்யாணத்தை எழுதியிருக்கிறார். உங்கள் நண்பர் வீட்டுப் பெண் என்று நம்பி, கவரில் ஒற்றை ரூபாயையும் மறக்காமல் வைத்து, சட்டையும் தேய்த்துக் கொடுத்திருப்பார். இப்போது முகவரி கேட்கிறார் என்று அலுத்துக்கொள்கிறீர்கள். கேட்காமல் என்ன செய்வார்? மொய் செய்த வீட்டுக்குப் பத்திரிகை வைக்காமல் விட்டால் அது அவருக்கல்லவா குறை? நீங்கள் சொன்ன பொய்க்கு அவர் முறை செய்துகொண்டிருக்கிறார்.

நண்பர்களோடு போனது தப்பில்லை. தையில் நெல்லைக் கொள்முதல் நிலைய வாசலில் கொட்டிவிட்டுத் தார்ப்பாய்க்கடியில் பத்து நாள் படுத்துக்கிடக்கிற ஊரில், கூடாரம் போட்டுத் தூங்குவது என்ன அதிசயம் என்று எனக்குத் தோன்றும். அது என் வயசுக் கோளாறு. பூநாரை பார்க்க ஆசை இருந்தால் போக வேண்டியதுதான். ஜாம்பவானோடையில் படகேறி, கோரையாற்று வழியாகப் பகலில் லகூன் என்கிற காயல் வரைக்கும் போய் வரலாம். எத்தனையோ குடும்பங்கள் போகின்றன. ஆனால் எங்கே போகிறேன் என்று வீட்டில் சொல்லாமல் போக, பிள்ளைகுட்டிக்காரனுக்கு உரிமை கிடையாது. இதில் எனக்கு இரண்டு பேச்சு இல்லை. மனைவிக்குப் பிடிக்காது என்றால் சண்டை போட்டுவிட்டுப் போங்கள்.

மன்னார்குடிக்கு வடக்கே கும்பகோணம், தெற்கே முத்துப்பேட்டை. அன்று ராத்திரி உங்களுக்கு ஏதாவது ஆகியிருந்தால் அவர் வடக்கே போய்த் தேடியிருப்பார். அதுகூட இல்லை, தேடியே இருக்க மாட்டார். கல்யாண வீட்டில் இருக்கிறீர்கள் என்று நிம்மதியாகத் தூங்கியிருப்பார். நான் இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் அடித்தபோது, என் சித்தப்பா மகன் திருச்சியில் இருப்பதாக வீட்டில் சொல்லிவிட்டு வேதாரண்யத்தில் இருந்தான். ஓடு சரிந்து காலில் விழுந்து, இரண்டு நாள் ஒரு பள்ளிக்கூடத்தில் கிடந்தான். கரண்டும் இல்லை, போனும் இல்லை. நாங்கள் எல்லாம் ஆளாளுக்குச் சொந்தக்காரர்களைத் தேடி அலைந்துகொண்டிருக்க, அவன் மனைவி மட்டும் “நல்லவேளை, அவரு திருச்சியில இருக்காரு” என்று மற்றவர்களுக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். கால் சரியாகிவிட்டது. அந்த இரண்டு நாள் தான் சிரித்துப் பேசியதைத்தான் அவளால் இன்னும் மறக்க முடியவில்லை.

சரி, இப்போது கேன் நண்பருக்கு வருவோம். அவர் மச்சானுக்கு நீங்கள் இருக்கிற இடம் எப்படித் தெரிந்தது? உங்கள் கடிதத்தின் கடைசியில் பேச்சோடு பேச்சாக எழுதியிருக்கிறீர்கள்: “ஒன்பது மணிக்குப் பேசுவதாக அவன் வீட்டில் சொல்லியிருந்தானாம், பேசாததால் அவன் மனைவி தன் அண்ணனை எழுப்பியிருக்கிறார்.” நாலு பேரில் வீட்டில் உண்மையைச் சொல்லிவிட்டு வந்தவர் அவர் ஒருவர்தான். அவர் தண்ணீரை மறந்தார், வீட்டை மறக்கவில்லை. அவரோடு நட்பை முறிக்கலாமா என்று என்னிடம் கேட்கிறீர்கள். கொஞ்சம் வெட்கப்படுங்கள். அப்புறம், கேன் இருந்தது உங்கள் கார் டிக்கியில். டிக்கியைச் சாத்தியது யார்?

கண்ணில் அடிபட்டவர் விஷயம்தான் எனக்குப் பகீரென்றது. அலையாத்தி என்று பொதுவில் சொன்னாலும் அங்கே எல்லா மரமும் ஒன்றல்ல. தில்லையின் கிளையை வெட்டினால் வெள்ளையாகப் பால் வடியும். தோலில் பட்டால் கொப்பளிக்கும், கண்ணில் பட்டால் பார்வையே மறைந்துபோகலாம். எரித்தால் அந்தப் புகையும் ஆகாது. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பேர் வந்தது இந்த மரத்தால்தான். கண்ணில் பட்டுவிட்டால் கசக்காமல், நல்ல தண்ணீரை விட்டு நெடுநேரம் கழுவிவிட்டு நேராகக் கண் மருத்துவரிடம் போக வேண்டும். கடலோரத்து ஆள் ஒருவர் கூட இருந்திருந்தால் அந்த மரத்தில் அரிவாளை வைக்க விட்டிருக்க மாட்டார். படகுக்காரரை ஏன் கூட வைத்துக்கொள்ளவில்லை? அது வனத்துறையின் காப்புக்காடு, நீங்கள் அனுமதி வாங்கவில்லை. படகு அங்கே நின்றால் மாட்டுவது அவர் பிழைப்பு. ஆகவே அவரும் இறக்கிவிட்டுப் போய்விட்டார். அவருக்கும் ஒரு வீடு இருக்கும், அங்கே அவர் என்ன சொன்னாரோ!

இன்றைக்கு ராத்திரி பிள்ளைகள் தூங்கிய பிறகு மனைவியிடம் சொல்லிவிடுங்கள். திட்டு, சேறு, கண், டீசல் எல்லாவற்றையும். சிங்கப்பூர் நண்பர் வற்புறுத்தினார் என்று ஆரம்பிக்காதீர்கள். மனைவி அழலாம், இரண்டு நாள் பேசாமலும் இருக்கலாம், அதைத் தாங்கிக்கொள்ளுங்கள். 501 ரூபாயைத் திருப்பி வைத்துவிட்டால் கணக்கு நேராகிவிடும் என்று மட்டும் நினைக்காதீர்கள். நோட்டில் அந்த வரியை நீங்களாக அடிக்கவும் வேண்டாம். நோட்டையும் பேனாவையும் அவரிடம் கொடுங்கள். அடிப்பதா, பக்கத்தில் ஏதாவது எழுதி வைப்பதா என்பது அவர் பாடு.

காதுகுத்துக்கு முதல் பத்திரிகையை அந்த மச்சான் வீட்டில் வையுங்கள். இரண்டு பேருமாகப் போங்கள், தாம்பாளத்தோடு. அந்தப் படகுக்கு யார் டீசல் போட்டார்கள் என்றும் போகிறபோது கேட்டுவிடுங்கள்.