கொதித்த என்ஜின் பிழைக்குமா?

கேள்வி: வெப்பமானி முள் சிவப்புக் கோட்டைத் தொட்ட பிறகும் காரை நிறுத்தாமல் ஓட்டிவிட்டேன். இப்போது புகைக்குழாயில் வெண்புகை நிற்காமல் வருகிறது. என்ஜினையே மாற்ற வேண்டுமா?

பதில்: அவசரப்பட்டு மாற்றிவிடாதீர்கள். ஆயில் மூடியைத் திறந்து அடிப்பக்கத்தைப் பாருங்கள்; வெளிறிய பழுப்பில் குழகுழவென்று படிந்திருந்தால், ஹெட் கேஸ்கட் (என்ஜினுக்கும் அதன் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட்டுக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் தகடு) பழுதாகி, என்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் ஆயிலோடு கலந்திருக்க வாய்ப்பு அதிகம். அப்படியானால் வண்டியை ஒருமுறைகூட ஸ்டார்ட் செய்யாதீர்கள். வழவழப்பை இழந்த ஆயிலில் பேரிங்குகள் தேய்ந்துவிடும். அலுமினிய சிலிண்டர் ஹெட் கடும் சூட்டில் வளையக்கூடியது என்பதால், கேஸ்கட்டை மட்டும் மாற்றி மூடிவிட ஒப்பாமல், ஹெட்டைக் கழற்றி, நேர்விளிம்புக் கோலும் ஃபீலர் கேஜும் (நுண்ணிய இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்து வளைவை அளந்து, விரிசல் இருக்கிறதா என்று சோதித்து, தேவையானால் சமன்செய்து பொருத்தச் சொல்லுங்கள். சிலிண்டர் சுவரில் கீறல் இல்லையென்றால் என்ஜின் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். என்ஜின் முதலில் ஏன் கொதித்தது, கூலன்ட் எங்காவது கசிந்ததா என்று கண்டுபிடிக்காமல் மட்டும் வண்டியை எடுத்து வராதீர்கள்.