முதல் வெடி

அன்புள்ள அண்ணன்,

நான் கிழக்கிலங்கையில் திருக்கோவில். வேலை கட்டாரில். இரண்டு மாத லீவில் ஊருக்கு வந்திருக்கிறேன். ஆட்கொல்லிப் புலி வேட்டைக் கதைகள் எழுதிய ஜிம் கோர்பெட்டையும் கென்னத் அன்டர்சனையும் அநேகமாக வாசித்து முடித்துவிட்டேன். சிப்பாய்கள், மிருகங்கள், காட்டில் வரும் ஆபத்து, இப்படியான புத்தகங்கள் இன்னும் நாலைந்து சொல்லுங்கள். 1945இல் பர்மாவின் ராம்ரீ தீவில் ஆயிரம் ஜப்பானியச் சிப்பாய்களை முதலைகள் தின்றனவாமே, உண்மையா? இன்னொரு கேள்வி. எங்களுக்குப் பக்கத்திலேயே காடு, ஆனை, கரடி, முதலை எல்லாம் இருக்கிறது. முப்பது வருட யுத்தமும் பார்த்தோம். இருந்தும் ஒரு கோர்பெட் வரவில்லையே. நம் ஆட்களுக்குத் துணிச்சல் இல்லையா, ரசனை இல்லையா?

(போன வருடம் ஆனையை விரட்டக் கொளுத்தும் யானை வெடி கையிலேயே வெடித்து அப்பாவுக்கு இரண்டு விரல் போய்விட்டது. அதனால் கஞ்சிகுடிச்சாற்று வயலில் இரவுக் காவலுக்கு இப்போது நான்தான் போகிறேன். பரணில் இருந்து போனில் வாசிக்கத்தான் புத்தகம் கேட்கிறேன்.)

அன்புடன்,
ஒரு வாசகன்

*

அன்புள்ள தம்பி,

முதலில் அந்தப் போனை மூடி வையுங்கள். வெளிச்சத்தைப் பார்த்த கண்ணுக்கு இருட்டு பிடிபட நேரம் எடுக்கும். அதற்குள் ஆனை வரம்பைத் தாண்டி வந்து நின்றுவிடும். அவ்வளவு பெரிய உடம்பு நடந்து வருவது பல நேரம் காதுக்கே எட்டாது, ஒரு கிளை முறிந்தால்தான் தெரியும். கோர்பெட் சின்ன வயதிலிருந்து படித்த வித்தையெல்லாம் காதால் படித்தது. எந்தக் குரங்கு எதற்குக் கத்துகிறது, மான் எந்தப் பக்கம் பார்த்துக் குரல் கொடுக்கிறது, அதுதான் அவர் சரக்கு. அவரை வாசித்துக்கொண்டே காதை மூடி வைத்திருக்கிற ஆளை என்ன சொல்வது? பகலில் வாசியுங்கள்.

ராம்ரீ முதலைக் கதையை நம்பவேண்டாம். ஜப்பானியர் சதுப்பில் மாட்டியது உண்மை, பலர் செத்ததும் உண்மை, ஒரு சிலரை முதலை பிடித்துமிருக்கும். ஆனால் ஆயிரம் பேர் கணக்கு புரூஸ் ரைட் என்பவர் 1962இல் எழுதிய ஒரு புத்தகத்திலிருந்து பரவியது. பிறகு ஆராய்ந்தவர்கள் தாகம், வயிற்றோட்டம், வெடிபட்டது, நீரில் மூழ்கியது என்றுதான் சொல்கிறார்கள். நூற்றுக்கணக்கானவர்கள் தப்பியும் போயிருக்கிறார்கள். ஒரு ராத்திரியில் அத்தனை பேரைத் தின்ன அங்கே எத்தனை முதலை இருந்திருக்கவேண்டும், அவை மற்ற நாட்களில் எதைத் தின்று உயிரோடு இருந்தன? எங்கள் பக்கத்து ஊரான முதலைக்குடாவில் ஒரு சின்னப் பிள்ளையைக் கேட்டிருந்தால் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கும்.

பர்மாக் காட்டில் சிப்பாய்களை உண்மையில் விழுத்தியது நுளம்பு. 1943இல் காயம்பட்டு அனுப்பப்பட்ட ஒவ்வொருவருக்கும் நோயால் அனுப்பப்பட்டவர்கள் 120 பேர் என்று அங்கே பிரிட்டிஷ் படை நடத்திய தளபதி ஸ்லிம் எழுதியிருக்கிறார். மலேரியாவுக்குக் கொடுத்த மெப்பக்கிரின் குளிசை தோலை மஞ்சளாக்கும். அதைப் போட்டால் ஆண்மை போய்விடும் என்று ஒரு கதை கிளம்பி, சிப்பாய்கள் விழுங்காமல் துப்பினார்கள். சொல்லாமல் கொள்ளாமல் இரத்தப் பரிசோதனை வைத்து, குளிசை போடாத படைப்பிரிவின் அதிகாரியைப் பதவியிலிருந்து இறக்கினார் ஸ்லிம். மூன்று பேர் போனபிறகுதான் மற்றவர்கள் திருந்தினார்கள். ஆனால் நுளம்பின் படத்தை அட்டையில் போட்டால் யார் வாங்குவான்?

சரி, புத்தகம். ஸ்லிம் எழுதியதை வாசியுங்கள். ஆனைகளோடு பர்மாவில் வாழ்ந்து, யுத்தத்தில் அவற்றைக் கொண்டு படைக்குப் பாலம் கட்டிக்கொடுத்த ஜே. எச். வில்லியம்ஸின் புத்தகம் இருக்கிறது, 1950இல் வந்தது. கோர்பெட்டின் 'ஜங்கிள் லோர்' கட்டாயம் வாசியுங்கள், அதில் வெடிச்சத்தம் குறைவு. மற்றவற்றை நீங்களே தேடிப் பிடிப்பீர்கள்.

இனித் துணிச்சல்.

தம்பி, அப்பாவின் இரண்டு விரலை அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டு, அடைப்புக்குறிக்கு வெளியே 'நம் ஆட்களுக்குத் துணிச்சல் இல்லையா' என்று கேட்டிருக்கிறீர்கள். வாசித்த உடனே எனக்குக் கோபம்தான் வந்தது. பிறகு வெளியே போய் ஒரு தேத்தண்ணீர் குடித்துவிட்டு வந்து எழுதுகிறேன். கையில் துவக்கில்லாமல், தீப்பெட்டியும் ஒரு வெடியும் மட்டும் வைத்துக்கொண்டு இருட்டில் ஆனைக்கு முன்னால் நின்ற மனிதர் அவர். கோர்பெட்டிடம் நல்ல றைபிள் இருந்தது. அன்றைக்கு நிலவா இருட்டா, காற்று எந்தப் பக்கம், திரி நனைந்திருந்ததா, ஆனை எத்தனை முழம் தள்ளி நின்றது, கேட்டீர்களா அவரிடம்?

எழுதாததற்கு உலகம் அறிந்த காரணம் ஒன்று இருக்கிறது. அதை நீட்டவேண்டியதில்லை, ஒரு சம்பவம் போதும். 1991இல் எனக்குப் பதினாறு வயது. கோர்பெட்டின் பெயர்பெற்ற புத்தகம் தமிழில் 'குமாயுன் புலிகள்'. அதை யாரோ ஒருவரிடம் இரவல் வாங்கி வந்தேன். தலைப்பைப் பார்த்ததும் அம்மா கையிலிருந்ததைப் பறித்து, மண்ணிறத் தாளில் உறை போட்டு, மேலே 'விஞ்ஞானம்' என்று தன் கையால் எழுதிவிட்டார். அந்த உறையோடுதான் அது மட்டக்களப்பு வாவியின் மேற்கே படுவான்கரைக்கும் கிழக்கே எழுவான்கரைக்கும் எத்தனையோ தரம் தோணியில் போய்வந்தது, ஆமியின் சோதனைச் சென்றியையும் தாண்டியது. எங்கள் காட்டில் இருப்பது சிறுத்தை, நாங்கள் அதையும் புலி என்போம். சிங்களத்தில் கொட்டியா, விஞ்ஞானப் பெயரின் கடைசிச் சொல்லும் அதேதான். காடு, புலி, துவக்கு. இந்த மூன்று சொல்லையும் ஒரு கொப்பியில் சேர்த்து எழுதிவைத்துக்கொண்டு வீதியில் நடக்க முடியாத காலம் அது. விஞ்ஞானம் என்று அம்மா எழுதியது பொய்யுமில்லை, என்ன?

ரசனை இல்லை என்பதற்குப் பதில் சொல்லப்போவதில்லை. கரடியனாறு, புலிபாய்ந்தகல், முதலைக்குடா, ஆனைகட்டியவெளி, மயிலவெட்டுவான் என்று ஊர்களுக்குப் பெயர் வைத்த சனம் அது.

ஆனால் இந்த இரண்டும் இல்லாமல் மூன்றாவதாக ஒரு காரணம் இருக்கிறது. உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன், எனவே கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோர்பெட்டை வாசிக்கிறவர்கள் எல்லாரும் புலி செத்துவிழும் பக்கத்தைத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு ஒரு பக்கம் வரும். அவர் குனிந்து புலியின் வாயைத் திறந்து பார்ப்பார். சம்பாவத் பெண்புலி 436 பேரைக் கொன்றது, 1907இல் அதைச் சுட்டார். அதன் வலதுபக்கத்து மேல் கோரைப்பல்லும் கீழ் கோரைப்பல்லும் உடைந்திருந்தன, பழைய துவக்குக் காயம். யாரோ ஒருவன் எப்போதோ ஒரு வெடி வைத்துவிட்டு, அது சாகாததைப் பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்திருக்கிறான். அந்த ஒருவனுக்குப் பெயர் இல்லை. முக்தேசர் புலிக்கு முள்ளம்பன்றி குத்தி ஒரு கண் போயிருந்தது, அதில் ஒருவருடைய பிழையுமில்லை, விடுவோம். ருத்ரப்பிரயாகைச் சிறுத்தை 125 பேரைக் கொன்றது, 1926இல்தான் முடிந்தது. அது எப்படித் தொடங்கியது என்கிறார்? 1918இல் உலக யுத்தத்தின் கடைசியில் பரவிய காய்ச்சலில் சனம் கொத்துக்கொத்தாகச் செத்தது. எரிக்க ஆளில்லை. பிணத்தின் வாயில் ஒரு தணலை வைத்துவிட்டு மலைச்சரிவில் உருட்டிவிட்டார்கள். சிறுத்தைக்கு ருசி பிடித்தது அங்கேதான் என்கிறார். அவருடைய கதைகளில் பாதிக்கு இப்படி முதல் அத்தியாயத்துக்கு முன்னால் ஒரு அத்தியாயம் கிடக்கிறது. அவர் அதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் போவார், நாங்கள் அதையும் விட்டுவிட்டு வேட்டைக்கு ஓடிவிடுகிறோம்.

எங்களுக்கு மேற்கே பதுளையில் மேஜர் ரொஜர்ஸ் என்று ஒருவர் இருந்தார். சிப்பாய், அரசாங்க உத்தியோகத்தர், இரண்டும்தான். 1400 ஆனைக்கு மேல் சுட்டவர், 1845இல் ஹப்புத்தளையில் இடி விழுந்து செத்தார். கடவுள் தண்டித்தார் என்று இன்றைக்கும் கதை சொல்வார்கள். எனக்கு அந்தக் கதையில் விருப்பமில்லை. அவர் காலத்தில் ஆனை சுட்டால் அரசாங்கம் சன்மானம் கொடுத்தது. வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 1848க்கு முந்திய மூன்று வருடத்துக்குள் 3500 ஆனையைக் கொன்றார்கள் என்று, அந்த ஆங்கில ஆட்சியில் குடியேற்றநாட்டுச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் எழுதியிருக்கிறார் (மட்டக்களப்பின் பாடும் மீனைப் பற்றி எழுதினாரே, அவரேதான்). செத்தது 3500 என்றால் வெடி பட்டும் சாகாமல் காட்டுக்குள் போனது எத்தனை? அதுகள் பிறகு யாருடைய சேனைப் பயிருக்குள் வந்தன?

இதையெல்லாம் வெள்ளைக்காரன் தலையில் போட்டுவிட்டுக் கையைக் கழுவிவிடலாம். நானும் பல வருடம் மேடைகளில் அப்படித்தான் பேசினேன்.

1982, தை மாதம். எனக்கு ஏழு வயது. தும்பங்கேணிப் பக்கம் அம்மப்பாவுக்கு வயல். மாரி வெள்ளாமை கதிர் முற்றி நிற்கிறது, பன்றி வந்து உழக்குகிறது. அம்மப்பா காட்டோரம் ஒரு கட்டுத்துவக்குக் கட்டினார். உங்களுக்குத் தெரிந்திருக்கும், இடியன் என்கிற நாட்டுத்துவக்கின் குழலைக் கம்பில் கிடையாகக் கட்டி, பன்றியின் நெஞ்சு மட்டத்துக்கு ஒரு கம்பியை இழுத்துவிடுவது. பன்றி கம்பியில் மோதினால் வெடிக்கும். ஆனால் பன்றிக்கு நெஞ்சு மட்டம் என்பது ஆனைக்கு முன்னங்கால்.

இரவு ஒரு வெடி கேட்டது. விடிய அம்மப்பாவோடு நானும் போனேன். கம்பி அறுந்து கிடந்தது. குழல் தெறித்துத் தள்ளிக் கிடந்தது. வரம்பில் இரத்தம், சேற்றில் சுளகு அளவுக்குத் தடம், மூன்று ஆழமாக, ஒன்று இழுபட்டு. அம்மப்பா கொஞ்ச நேரம் குந்தி இருந்தார். பிறகு மண்வெட்டியை எடுத்து அந்தத் தடங்களை ஒவ்வொன்றாக மூடி, மேலே தண்ணீரைத் திருப்பிவிட்டார். திரும்பும்போது என் தலையில் கைவைத்து, "மனே, பண்டி தப்பிட்டு எண்டு சொல்லு" என்றார். அம்மம்மா கேட்டபோது நான் அப்படித்தான் சொன்னேன்.

அந்த வருடம் முழுக்க அந்தப் பக்கத்தில் ஒரு ஆனை நொண்டிக்கொண்டு திரிந்தது. ஊர் அதற்கு நொண்டியன் என்று பெயர் வைத்தது. கூட்டத்தோடு சேராது, வெடிக்கும் பந்தத்துக்கும் பயப்படாது, மனித வாடை பட்டால் போகாமல் திரும்பி வரும். அடுத்த வெள்ளாமைக்குப் பக்கத்து வயல் பரணை இழுத்து விழுத்தி, காவலுக்கு இருந்தவரை மிதித்துப்போட்டது. எனக்குப் பூவரசம் இலையில் பீப்பி சுற்றக் காட்டித்தந்தவர் அவர். மூன்று பிள்ளைகள். அம்மப்பா பாடை தூக்கினார். அந்த வீட்டுக்கு ஒவ்வொரு போகமும் இரண்டு மூடை நெல் போகும். நல்ல மனிசன் என்று ஊர் சொன்னது. மறுகா யுத்தம் வந்தது, எல்லாரும் எல்லாவற்றையும் மறந்தார்கள்.

இப்போது சொல்லுங்கள், இதை நான் கோர்பெட் மாதிரி எப்படி எழுதுவது? பரண் விழுந்த ராத்திரியிலிருந்து தொடங்கினால் மயிர் கூச்செறிகிற கதை. எத்தனையோ தரம் அப்படித் தொடங்கி நாலு பக்கம் எழுதிக் கிழித்திருக்கிறேன். ஒரு வருடம் முந்தித் தொடங்கினால் நானும் அதில் இருக்கிறேன், தண்ணீர் பாய்ந்த வரம்பில், வாயில் ஒரு பொய்யோடு. நொண்டியனின் கதையை ஊரில் இன்றைக்கும் சொல்கிறார்கள், அந்த ஆனைக்குப் பிறவியிலேயே கால் ஊனம் என்று. எங்கள் பக்கத்தில் காட்டுக் கதை தெரிந்த ஒவ்வொரு வீட்டிலும் இப்படி மூடிய தடம் ஒன்று இருக்கும் என்பது என் சந்தேகம். யுத்தக் கதை தெரிந்த வீடுகளைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

அம்மப்பா அதற்குப் பிறகு துவக்குக் கட்டவில்லை. பன்றி இறைச்சியும் தின்னவில்லை. அந்தக் குழலை இரும்பு வாளால் ஒரு முழத்துக்கு அறுத்து, இரண்டு பக்கமும் அராவி, அடுப்பூத அம்மம்மாவிடம் கொடுத்துவிட்டார். அருமையான ஊதுகுழல், ஈர விறகும் பற்றும். எட்டு வருடம் எங்கள் வீட்டில் உலை கொதித்தது அதில்தான்.

1990இல் நாங்கள் ஊரைவிட்டு வெளிக்கிட்டபோது அம்மம்மா சாமான் உரப்பையில் அதையும் போட்டிருந்தார், எங்களுக்குத் தெரியாது. சென்றியில் பையைக் கவிழ்த்துக் கொட்டினார்கள். பானை, அகப்பை, துணி, அதற்கு நடுவில் அது. ஒரு சின்னப் பெடியன், மீசைகூடச் சரியாக வரவில்லை, அதை எடுத்து ஒரு கண்ணை மூடி உள்ளே பார்த்தான். வரிசையில் ஒருவரும் மூச்சு விடவில்லை. "மே மொகக்த?" என்றான், இது என்ன என்று. அம்மம்மாவுக்குச் சிங்களம் தெரியாது. அவன் கையிலிருந்து அதை வாங்கி, றோட்டில் குந்தி, இல்லாத அடுப்புக்கு முன்னால் வாயில் வைத்து ஊதிக் காட்டினார், கன்னம் இரண்டும் உப்ப. புழுதி கிளம்பி அவன் சப்பாத்தில் படிந்தது. அவன் சிரித்துவிட்டான். போகச் சொல்லிக் கையைக் காட்டினான்.