டேப்பை நீங்கள் பிடியுங்கள்
மரம் வளர்ப்போர் கேள்வி – பதில்

கேள்வி: 1999இல் அப்பா வரப்போரமாக வைத்த தேக்கு 38 நிற்கிறது. ஏஜென்ட் ஒருவர் வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, "மொத்தமா ஒன்றரை லட்சம் தர்றேன், வெட்டுக்கூலி, வண்டி வாடகை எல்லாம் என்னோடது, நீங்க ஒண்ணும் பார்க்க வேண்டாம்" என்கிறார். கொடுத்துவிடலாமா?
— வாசகர், ஆலங்குடி

பதில்: நீங்கள் ஒன்றும் பார்க்காமல் இருப்பதில்தான் அவருக்கு லாபமே. அவர் மட்டும் சும்மா சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார் என்றா நினைக்கிறீர்கள்? கண்ணாலேயே கன அடி கணக்குப் போட்டிருப்பார். அதே கணக்கை நீங்களும் போடுங்கள், ஒரு காலை நேரம் போதும். தையல்காரர் டேப் ஒன்றை எடுத்துக்கொண்டு போய், ஒவ்வொரு மரத்திலும் நெஞ்சு உயரத்தில், அதாவது நாலரை அடியில், சுற்றளவு எடுங்கள். முதல் பெரிய கிளை பிரியும் இடம் வரைக்கும் எத்தனை அடி என்று ஒரு மூங்கில் கழியை வைத்துக் குத்துமதிப்பாகப் பாருங்கள். மரத்துக்குச் சுண்ணாம்பில் நம்பர் போட்டு நோட்டில் எழுதுங்கள். சுற்றளவை (அங்குலத்தில்) நாலால் வகுத்து, வந்ததை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தால் (அடியில்) பெருக்கி, 144ஆல் வகுத்தால் கன அடி. மரம் மேலே போகப் போக ஒல்லியாகும், பட்டையும் உண்டு, அதனால் நெஞ்சு உயரச் சுற்றளவில் நாலைந்து அங்குலம் கழித்தே போடுங்கள்.

மரத்துக்குச் சராசரி 6 கன அடி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 38 மரத்துக்கு 228 கன அடி. ஒன்றரை லட்சத்தை அதால் வகுத்தால் கன அடிக்கு 658 ரூபாய்தான் சொல்லியிருக்கிறார் என்று தெரிந்துவிடும். அப்புறம் பக்கத்து ஊர்களில் இரண்டு சா மில்லிலும் ஒரு மரவாடியிலும் (மரக்கடை) போய், "நம்ம ஊர் தேக்கு, இத்தனை அங்குலம் சுற்று, என்ன விலைக்கு எடுப்பீங்க" என்று கேளுங்கள். வெட்டுக்கூலி, ஏற்றுக்கூலி, வாடகை கழித்து மீதி என்ன நிற்கிறது என்று பாருங்கள். ஏஜென்டுக்கும் நாலு காசு மிஞ்சத்தான் வேண்டும், அது நியாயம். எவ்வளவு மிஞ்சுகிறது என்பது உங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொன்று, 38 மரத்தையும் ஒரே விலையில் தள்ளாதீர்கள். தேக்கில் சுற்று ஏற ஏறக் கன அடி விலையும் ஏறும். 30 அங்குல மரத்தில் பாதி வெள்ளையாகத்தான் (வெளிப்பக்கத்து இளங்கட்டை) இருக்கும், வைரம் (உள்ளே இருக்கிற கெட்டிக் கட்டை) கொஞ்சம். 50 அங்குல மரத்தில் நிலைக்கால், கதவுச் சட்டம் எல்லாம் எடுக்கலாம். பெருத்தது, நடுத்தரம், சிறுசு என்று மூன்றாகப் பிரித்து மூன்று விலை பேசுங்கள். சிறுசை விற்கவே வேண்டாம் என்பேன், நிற்கட்டும். வெளிநாட்டுத் தோட்டத் தேக்கு தூத்துக்குடித் துறைமுகம் வழியாக வந்து இறங்குகிற காலம் இது. ஒல்லி மரத்தை வைத்து அதோடு போட்டி போட முடியாது.

அவசரம் இல்லை என்பதுதான் உங்கள் பலம். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்து எங்கள் பக்கம் மரமெல்லாம் வேரோடு சாய்ந்தபோது நானும் விற்றேன், விற்றேன் என்றால், வந்தவர் சொன்ன விலைக்குத் தலையாட்டினேன். விழுந்த மரத்துக்கு விலை சொல்ல நமக்கு வாய் கிடையாது, ஊரெல்லாம் விழுந்து கிடக்கும்போது இன்னும் மோசம். நிற்கிற மரம் சோறு கேட்கப் போவதில்லை, வருடா வருடம் பெருக்கத்தான் போகிறது.

கொடுப்பது என்று முடிவானால், அடங்கலில் (கிராம நிலக் கணக்கு) மரங்கள் ஏறியிருக்கிறதா என்று வி.ஏ.ஓ.விடம் பார்த்துவிட்டு, வனச்சரக அலுவலகத்தில் பர்மிட் விவரம் கேட்டுக்கொண்ட பிறகு கோடாலி வைக்கட்டும். பர்மிட் யார் எடுப்பது என்று தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பட்டா நகல் கொடுக்கும்போது "38 தேக்கு மரம் வெட்டுவதற்கு மட்டும்" என்று அதன் மேலேயே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். வெறும் நகலை யாரிடமும் கொடுக்காதீர்கள்.

கேள்வி: வாகை மரம் ஒன்றை வெட்டி 10 அடியில் துண்டு போட்டு மில்லுக்கு ஏற்றினேன். சுற்றளவு அடிப்பக்கம் 54, நடுவில் 48, தலைப்பக்கம் 42 அங்குலம். கல்லூரியில் படிக்கும் என் மகன் 12.7 கன அடி என்கிறான். மில்லில் 7.7 என்கிறார்கள். யார் சொல்வது சரி?
— வாசகர், துறையூர்

பதில்: இரண்டும் இல்லை, 10 கன அடி. உங்கள் மகன் உருளையின் கன அளவைக் கண்டுபிடித்திருக்கிறார், கணக்குப் பரீட்சையில் முழு மதிப்பெண் உண்டு. மர வியாபாரத்தில் அந்த வாய்பாடு ஓடாது. இங்கே நாலில் ஒரு பங்கு சுற்றளவைச் சதுரமாக்குகிற கணக்குதான். 1736இல் ஹாப்பஸ் என்ற ஆங்கிலேயர் போட்டுக் கொடுத்த அட்டவணையிலிருந்து வருவது. உருட்டு மரத்தைச் சதுரிக்கும்போது போகிற சேதாரத்துக்கு இதிலேயே கழிவு இருக்கிறது, உண்மையான அளவில் 78.5 சதவீதம்தான் காட்டும். எல்லோரும் இதே அளவில்தான் விலை பேசுகிறார்கள் என்பதால் இதை ஏமாற்று என்று சொல்ல மாட்டேன்.

ஏமாற்று வேறு இடத்தில் இருக்கிறது. நடுச் சுற்று 48. அதை நாலால் வகுத்தால் 12, பன்னிரண்டு பன்னிரண்டு 144, பத்தால் பெருக்கி 144ஆல் வகுத்தால் சுத்தமாகப் 10. அவர்கள் டேப்பைத் தலைப்பக்கம், 42இல் சுற்றியிருக்கிறார்கள், அதனால்தான் 7.7. டேப் ஐந்தடி தள்ளிப் போனதில் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு மரம் காணாமல் போய்விட்டது! கேட்டால் "எங்க வழக்கம்" என்பார்கள். அப்படியானால் விலையையும் அதற்கேற்ப ஏற்றிக் கொடுக்கட்டும்.

பட்டையிலும் இதே கதைதான். அரை அங்குலப் பட்டை என்றால் சுற்றளவில் 3 அங்குலம் கழிப்பது நியாயம். பட்டையைச் சீவிவிட்டு அளந்த பிறகும் "பட்டைக்கு மூணு" என்று கழித்தால் சும்மா இருக்காதீர்கள், 48 என்பது 45 ஆனால் 10 கன அடி 8.8 ஆகிவிடும். மீதி அங்குலம், மீதி அடியை விட்டுவிடுகிற பழக்கமும் உண்டு. 9 அடி 11 அங்குலத் துண்டு 9 அடியாகத்தான் எழுதப்படும். அதனால் துண்டு போடும்போதே முழு அடிக்கு மேல் இரண்டு மூன்று அங்குலம் தாராளமாக விடுங்கள். வெட்டுகிறவர் லாரி நீளத்தை நினைத்துத் துண்டு போடுவார், நீங்கள் நிலைக்காலை நினைத்துச் சொல்லுங்கள். 7 அடி கால் எடுக்க வேண்டிய மரத்தை ஆறரையில் அறுத்துவிட்டால் அதை எந்த ஆசாரியாலும் நீட்ட முடியாது.

கேள்வி: போன மாதம் வெட்டிய மாமரமும் வாகையும் களத்தில் கிடக்கிறது. முனையெல்லாம் வெடித்து, வெள்ளையில் மாவு மாவாகக் கொட்டுகிறது. தேய்பிறையில் வெட்டாததால் என்கிறார் மாமனார்.
— வாசகி, பெரம்பலூர்

பதில்: மாமனாரோடு நான் சண்டைக்கு வரவில்லை அம்மா. ஆனால் வளர்பிறையோ தேய்பிறையோ, மாமரத்தை ஒரு மாதம் வெயிலில் போட்டு வைக்கக் கூடாது. வெள்ளைப் பகுதியில் இருக்கிற மாவுச்சத்தைத் தின்னத்தான் பூச்சி வருகிறது. மா, வாகை மாதிரி மரங்களை வெட்டுவதற்கு முன்பே ஆள் பேசி, வெட்டின சில நாட்களிலேயே மில்லுக்கு ஏற்றிவிட வேண்டும். முடியாதென்றால் நிழலில், தரையில் படாமல் கட்டை கொடுத்து அடுக்கி, வெட்டின அன்றே இரண்டு முனையிலும் பழைய பெயிண்டைக் கெட்டியாக அடித்துவிடுங்கள், முனை வழியாக ஈரம் வேகமாகப் போவதால்தான் வெடிக்கிறது. இப்போது உடனே ஏற்றுங்கள். வாகையில் உள்ளே வைரம் நன்றாக இருந்தால் வெள்ளையைக் கழித்து விலை பேசலாம். மாமரம் அனேகமாகப் பெட்டிப் பலகை விலைக்குத்தான் போகும்.

கேள்வி: ரோட்டோர வேப்பமரம், நல்ல பருமன். மில்காரர் வேண்டவே வேண்டாம் என்கிறார். ஏன்?
— வாசகர், திண்டிவனம்

பதில்: ஆணி. விளம்பரத் தட்டி, கொடிக்கம்பி, வேலிக் கம்பி என்று முப்பது வருடமாக அடித்ததெல்லாம் மரம் வளர வளர உள்ளே போய்விட்டிருக்கும், வெளியே தெரியாது. ஒரு ஆணி மாட்டினால் ரம்பத்தின் பல் போச்சு. அடியில் ஆளுயரம் வரை தனியாக அறுத்து விறகுக்குப் போட்டுவிட்டு, மேல்துண்டை மட்டும் காட்டிப் பாருங்கள், எடுப்பார்.