சென்னைக்கு தீம் பார்க் எப்படி வந்தது? கிஷ்கிந்தாதான் முதலா?

இல்லை. அதற்கு முன்பே ஈஞ்சம்பாக்கத்தில் வி.ஜி.பி. கோல்டன் பீச் இருந்தது. தவணையில் வீட்டுச் சாமான் விற்றுப் பெயர் வாங்கிய வி.ஜி.பன்னீர்தாஸ் குடும்பத்தின் இடம். ராட்டினங்களைவிட அங்கே பிரபலம் சிலை மனிதர்தான். ராஜ உடையில் ஆடாமல் அசையாமல் நிற்பார். அவரைச் சிரிக்க வைக்கக் குழந்தைகளோடு பெரியவர்களும் கோமாளித்தனம் செய்வார்கள்.

தாம்பரம் பக்கம் கிஷ்கிந்தா வந்தது 1995-ல். தொடங்கியவர் மலையாளத் தயாரிப்பாளர் நவோதயா அப்பச்சன், 1984-ல் இந்தியாவின் முதல் 3டி படத்தை எடுத்தவர். ஜனங்களை வாய் பிளக்க வைப்பது அவருக்குப் புதிதில்லை!

அங்கே என்னைப் பொறுத்தவரை ராஜா அலைக்குளம்தான். இத்தகைய குளங்களில் ஆழமான பக்கத்துச் சுவருக்குப் பின்னால் மூடிய அறைகள் இருக்கும். ராட்சத ஊதிகள் அவற்றுக்குள் விட்டுவிட்டுக் காற்றை அழுத்தும். உள்ளே நீர்மட்டம் இறங்கும்போது வெளியே அலை எழும். சரிவான தரை அதைக் கரையில் உடைக்கும்.

அப்புறம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் எம்.ஜி.எம்., பெங்களூரு நெடுஞ்சாலையில் குயின்ஸ்லேண்ட் என்று போட்டி கூடியது. 2016-ல் கிஷ்கிந்தாவில் சோதனை ஓட்டத்தின்போது ராட்டினம் ஒன்று சரிந்து ஊழியர் ஒருவர் உயிரிழந்தார்.