வீக் வேஸ்ட் ஆயிடும்னு டூர் போறோம், சரியா? - கேள்வி பதில்

இந்த தடவை வந்த லெட்டர்ல பாதிக்கு மேல ஹாலிடே மெம்பர்ஷிப், டைம்ஷேர் பத்தினதுதான், அதாவது லட்சக்கணக்குல முன்னாடியே கட்டிட்டு வருஷா வருஷம் ஒரு வாரம் ரிசார்ட்ல தங்கற திட்டம். மே லீவு முடிஞ்சா இப்படி வரிசையா வரும். அதனால ஃப்ரிட்ஜ், வாட்டர் ஹீட்டர் கேள்வி கேட்டவங்க ஒரு வாரம் பொறுத்துக்கோங்க, இன்னைக்கு முழுக்க இதுதான்.

மால்ல ஒரு கூப்பன் எழுதிப் போட்டேன். லக்கி டிராவுல விழுந்திருக்கு, 3 நாள் 2 நைட் ஃப்ரீ ஸ்டே, ஞாயித்துக்கிழமை ஹோட்டலுக்கு வந்து வாங்கிக்கோங்க, ஆனா ஹஸ்பெண்டையும் கூட்டிட்டுதான் வரணும்னு போன் பண்றாங்க. போகலாமா மேடம்? - மடிப்பாக்கம் வாசகி

போகாதீங்க.

அது மெம்பர்ஷிப் விக்கறதுக்கான மீட்டிங். ஜோடியா வரச் சொல்றது எதுக்குன்னா, வீட்டுல அவர்கிட்ட கேட்டுட்டு சொல்றேன்னு நீங்க எழுந்து வந்துடக் கூடாது, அதுக்குத்தான்.

போன ஞாயிறு ஒரு மீட்டிங் போய் 4 லட்சத்துக்கு 25 வருஷ மெம்பர்ஷிப் கையெழுத்து போட்டுட்டோம். 60,000 கிரெடிட் கார்டுல தேய்ச்சாச்சு, மீதி 36 மாசம் இ.எம்.ஐ. வீட்டுக்கு வந்ததுல இருந்து ரெண்டு பேருக்கும் தூக்கம் இல்ல. கேன்சல் பண்ண முடியுமா? - திருப்பூர் வாசகர்

முடியலாம், ஆனா இன்னைக்கே பண்ணணும். இதைப் படிச்ச கையோட அக்ரிமென்ட்டை எடுங்க, பின்பக்கம் பொடி எழுத்துல கேன்சலேஷன் இல்லன்னா ரெசிஷன்னு (ஒப்பந்தத்தை ரத்து பண்றது) ஒரு பாரா இருக்கான்னு பாருங்க. 10 நாளைக்குள்ள எழுத்துல சொன்னா முழுப் பணமும் திருப்பித் தர்றோம்னு போடற கம்பெனி இங்கயும் உண்டு. ஐரோப்பாவுல இதுக்கு 14 நாள் டைம் சட்டத்துலயே இருக்கு, 2008ல போட்ட விதி, அந்த 14 நாளைக்குள்ள அட்வான்ஸ்னு ஒரு காசு வாங்கக் கூடாது. அமெரிக்காவுல ஃப்ளோரிடாவுல 10 நாள். நம்ம நாட்டுல டைம்ஷேருக்குன்னு அப்படி ஒரு தனிச் சட்டம் கிடையாது, அக்ரிமென்ட்ல என்ன எழுதியிருக்கோ அதைத்தான் முதல்ல பிடிச்சுக்கணும். எத்தனை வருஷமா சொல்லிட்டு இருக்கேன், இங்கயும் அப்படி ஒண்ணு வந்தே ஆகணும்.

போன்ல பேசாதீங்க. பேசினா ஒரு மேனேஜர் வருவாரு, நைஸா பேசுவாரு, திங்கக்கிழமை கூப்பிடறேம்பாரு, அதுக்குள்ள நாள் ஓடிடும். மெயில் போடுங்க, அதே லெட்டரை ஸ்பீட் போஸ்ட்ல அனுப்பி ரசீதைப் பத்திரமா வைங்க. லோன் குடுத்த கம்பெனிக்கும் தனியா எழுதுங்க, ஏன்னா மெம்பர்ஷிப் கேன்சல்னா லோனும் கேன்சல்னு அர்த்தம் இல்ல, நீங்களா இ.எம்.ஐ. நிறுத்தினா சிபில் ஸ்கோர்தான் அடிபடும். அவங்க இழுத்தடிச்சா 1915க்கு, அதான் தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன், போன் போட்டு கம்ப்ளைன்ட் பதிவு பண்ணுங்க. அதுக்கும் மசியலன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்க குடியிருக்கற ஊர்லயே கேஸ் போடலாம், கம்பெனி ஆபீஸ் மும்பையில இருந்தாலும் சரி. நீங்க குடுத்த தொகை 5 லட்சம் வரைக்கும்னா ஃபீஸ் கிடையாது, ரெண்டு வருஷத்துக்குள்ள போட்டுடணும்.

உங்களை ஒரு வார்த்தை திட்ட மாட்டேன். நானும் அந்த மாதிரி ஹால்ல உட்கார்ந்தவதான், கீழ சொல்றேன்.

எங்களுக்கு ப்ளூ சீசன் குடுத்துட்டாங்க. பசங்க ரெண்டு பேரும் ஸ்கூல் போறாங்க, மே மாசம் கேட்டா உங்க கார்டுக்கு வராதுங்கறாங்க. இது ஏமாத்து வேலை இல்லையா? - சேலம் வாசகர்

எந்த சீசன்ல ரூம் கிடைக்கும்ங்கறதுக்கு பர்ப்பிள், ரெட், வொயிட், ப்ளூன்னு வெச்சிருக்கற கலர் எல்லாம் ஒரே விலை இல்ல, உங்களுக்கு விலை கம்மியா தந்ததே மழைக்காலமும் ஆள் வராத மாசமும் உங்க பக்கம் தள்ளினதாலதான். அது நீங்க கையெழுத்து போட்ட பேப்பர்லயே இருக்கு, ஸ்கேன் அனுப்பியிருக்கீங்க, நாலாவது பக்கம், பார்த்தேன். ரெண்டு பசங்க ஸ்கூல்ல படிக்கும்போது லீவு எப்ப, ரூம் எப்ப கிடைக்கும்னு கேட்காம 2.8 லட்சம் எப்படி கட்டினீங்க? அந்த ஆள் வாய்வார்த்தையா மே மாசமும் தருவோம்னு சொன்னாரா, வாட்ஸ்அப்ல எங்கயாவது இருக்கா தேடுங்க. இருந்தா கேஸ் நிக்கும். இல்லன்னா சீசன் அப்கிரேடுன்னு இன்னும் ஒரு லட்சம் கேட்பாங்க, குடுக்காதீங்க.

ஆறு வருஷமா மெம்பர்ஷிப் இருக்கு. யாரும் ஏமாத்தல, ரூம் எல்லாம் நல்லாதான் இருக்கு. ஆனா எனக்கு மனசு ஒரு மாதிரி இருக்கு மேடம். முன்னாடி மே மாசம்னா திருநெல்வேலி அம்மா வீடு, அப்படியே குத்தாலம், திருச்செந்தூர்னு சுத்துவோம். இப்ப லீவு வந்தாலே அவர் லேப்டாப்பைத் திறந்து எந்த ரிசார்ட் காலியா இருக்குன்னு பார்க்கறாரு. ஊருக்குப் போலாம்னா, அப்ப நம்ம வீக் வேஸ்ட் ஆயிடும்ங்கறாரு. எனக்கு மட்டும்தான் இப்படித் தோணுதா? - போரூர் வாசகி

இல்லம்மா, உங்களுக்கு மட்டும் இல்ல. இதைக் கேட்டு யாராவது எழுத மாட்டாங்களான்னு இருந்தேன்.

எங்க கதையைச் சொல்றேன். 2007, கோயம்புத்தூர்ல ஒரு எக்ஸிபிஷன்ல ஸ்லிப் எழுதிப் போட்டு, அடுத்த வாரம் ஒரு ஹோட்டல் ஹாலுக்குப் போனோம். ஒண்ணரை மணி நேரம்னு சொன்னது மூணு மணி நேரம் ஆச்சு. பையன் என் மடியில தூங்கிட்டான், முன்னாடி வெச்ச காபி ஆறி ஏடு படிஞ்சு கிடக்குது, பக்கத்து டேபிள்ல யாரோ கையெழுத்து போட்டதும் மைக்ல பேரைச் சொல்லி ஹாலே கை தட்டுது. அவர் என்னைப் பார்த்தாரு. புள்ளைங்களுக்கு நீங்க ஒண்ணும் பண்ணலன்னு நாளைக்கு அவங்க சொல்லக் கூடாதுல்லங்கன்னு எதிர்ல இருந்த பொண்ணு சொன்னா. நான் தலையாட்டிட்டேன். 1,90,000 ரூபாய். வாயைக் கட்டி வயித்தைக் கட்டி சீட்டு போட்டு சேர்த்த பணம்.

முதல் ரெண்டு வருஷம் நிஜமாவே சந்தோஷமா இருந்துது. லீவே போடாத மனுஷன், நாள் போயிடும்னு பயந்தாவது லீவு போட்டாரு, அந்த ஒரு நல்லதை நான் மறுக்க மாட்டேன். மூணாவது வருஷம் எங்க அம்மாவையும் கொடைக்கானல் கூட்டிட்டுப் போனோம். எங்களுக்கு இருந்தது ஸ்டுடியோ ரூம், ரெண்டு பெரியவங்க ரெண்டு குழந்தை, அவ்ளோதான் கணக்கு. அம்மாவுக்கு எக்ஸ்ட்ரா பெட், எக்ஸ்ட்ரா சார்ஜ். பில்லைப் பார்த்த அம்மா ராத்திரி நான் கீழயே படுத்துக்கறேன்டின்னு பாயை விரிச்சாங்க, அந்தக் குளிர்ல. காலையில ரெஸ்டாரன்ட் வரல, கொண்டு வந்த இட்லியைப் பொடி தடவி ரூம்லயே சாப்பிட்டுட்டு ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாங்க. அடுத்த வருஷம் வாங்கம்மான்னு கூப்பிட்டதுக்கு, நீங்க போயிட்டு வாங்கன்னுட்டாங்க. மே மாசம் கும்பகோணம் அம்மா வீட்டுக்குப் போறது அப்படித்தான் எங்களுக்கு நின்னு போச்சு. யாரும் நிறுத்தணும்னு நினைக்கல. பத்து நாள் லீவுல ஏழு நாள் ரிசார்ட்டுக்குப் போயிட்டா மிச்சம் மூணு நாள்ல யார் வீட்டுக்குப் போய் என்ன பேசறது.

இந்த டைம்ஷேர்ங்கறது 1960கள்ல பிரான்ஸ்ல, ஆல்ப்ஸ் மலையில பனிச்சறுக்கு ரிசார்ட்ல ஆரம்பிச்ச பழக்கம். சறுக்கப் போறவங்க வருஷா வருஷம் அதே சீசன்ல அதே மலைக்குப் போறவங்க, அவங்களுக்கு ஒரு வாரத்தை விலைக்கு வாங்கறது கணக்கா இருந்துது. ஒரே இடம் அலுத்துப் போறவங்களுக்காக 1974ல அமெரிக்காவுல ஆர்.சி.ஐ.ன்னு ஒரு கம்பெனி வந்துது, உன் வாரத்தை என்கிட்ட குடு, வேற ஊர்ல வாரம் தர்றேன்னு. நம்ம பக்கம் 1986ல மெட்ராஸ்ல ஸ்டெர்லிங், அப்புறம் 1996ல மஹிந்திரா ஹாலிடேஸ், ரெண்டுமே இங்க ஆரம்பிச்சதுதான். ஆனா நம்ம வீட்டு லீவு அப்படியா இருக்கு? காலாண்டு லீவுல கொலு, பொங்கலுக்கு ஊரு, மே மாசம் முழுக்க கல்யாணமும் காதுகுத்தும் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்கறதும். இதுக்கு நடுவுல முழுசா ஒரு வாரத்தை அந்த கார்டு கேட்குது, குடுக்கலன்னா காசு போச்சேன்னு நெஞ்சு அடிச்சுக்குது. பல திட்டத்துல நாளை அடுத்த வருஷத்துக்குச் சேர்த்து வெச்சுக்கலாம்பாங்க, சேர்த்தா அடுத்த வருஷம் 14 நாள் தலைமேல நிக்கும்.

அப்புறம் போற விதமும் மாறிப் போச்சு. முன்னாடி பஸ்ல போய் இறங்கி, லாட்ஜ்ல ரூம் போட்டு, சின்ன மெஸ்ல சாப்பிட்டு, யாராவது அந்த அருவி நல்லாருக்குன்னா அங்க போவோம். இப்ப ரிசார்ட் கேட்டுக்குள்ள போனா வெளிய வர்றதே இல்ல, காசு கட்டின நீச்சல் குளம் இருக்கு, சாயங்காலம் கேம் நடத்தறாங்கன்னு உள்ளயே கிடக்கறோம். என் பொண்ணுக்கு மூணு மாநிலத்துல ரிசார்ட் பஃபே தெரியும், கொடைக்கானல் கடைத்தெரு தெரியாது. ரூமை நாலஞ்சு மாசம் முன்னாடியே பிடிக்கணும், ஆனா 2024 நவம்பர்ல இருந்து ரயில் டிக்கெட் 60 நாள் முன்னாடிதான் திறக்குது, ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாசத்துல இருந்து இ-பாஸ் வேற வேணும். அதனால எல்லாமே அந்த ரூம் தேதியைச் சுத்தியே ஓடுது, வீட்டுல யாருக்கு உடம்பு சரியில்ல, யாருக்கு பரீட்சைங்கறதெல்லாம் அப்புறம்தான்.

இப்ப கணக்கு. உங்க வீட்டுக்காரர்கிட்ட இதைக் காட்டுங்க. நீங்க கட்டினது 4 லட்சம்னு வெச்சுக்குவோம், அதை 7 பர்சென்ட் டெபாசிட்ல போட்டா வருஷம் 28,000. வருஷா வருஷம் கட்டற மெயின்டனன்ஸ் ஃபீ ஒரு 18,000, அதுக்கு 18 பர்சென்ட் ஜி.எஸ்.டி. சேர்த்தா 21,240. மொத்தம் 49,240, ஏழு நைட்டுக்குப் பிரிச்சா ஒரு நைட் 7,000 ரூபாய்க்கு மேல, சாப்பாடு, வண்டி தனி. மெயின்டனன்ஸ் ஏறிக்கிட்டே போகும், டெபாசிட்ல போட்ட 4 லட்சம் அப்படியே நிக்கும். மே மாசம் கொடைக்கானல்ல 7,000க்கு நல்ல ரூம் வேணும்னா இது பரவாயில்லன்னே வெச்சுக்குவோம். ஆகஸ்ட்ல அந்த விலை குடுத்து யாரும் தங்க மாட்டாங்க. ஒரு வருஷம் போகலன்னா நஷ்டம் எவ்ளோன்னு பாருங்க, அந்த 4 லட்சம் எப்பவோ போன பணம், இனிமே திரும்பாது, போனாலும் போகாட்டியும் கட்ட வேண்டியது அந்த 21,240தான். அதுக்காக அம்மாவைப் பார்க்காம இருக்கறதா? அடுத்த மே மாசம் திருநெல்வேலி போங்க. வீக் கிடக்கட்டும்.

நீங்க எப்பவும் குறையே சொல்றீங்க. நாங்க ரிட்டையர்டு தம்பதி, பத்து வருஷமா வருஷத்துக்கு ரெண்டு தடவை போறோம், நிம்மதியா இருக்கு. - நாகர்கோவில் வாசகர்

உங்களுக்கு இது பொருந்துது சார், சந்தோஷம். ஸ்கூல் லீவு பார்க்க வேண்டாம், ஆள் இல்லாத மாசத்துல நினைச்ச இடத்துல ரூம் கிடைக்கும், ரெண்டே பேர். இந்த மூணும் இருக்கறவங்க வாங்கலாம்.

மெம்பர்ஷிப்பை வித்துத் தர்றோம், பார்ட்டி ரெடின்னு ஒருத்தர் போன் பண்ணாரு. என்.ஓ.சி. சார்ஜ், ஜி.எஸ்.டி.ன்னு ரெண்டு தடவையா 35,000 அனுப்பிட்டேன். இப்ப இன்னும் 20,000 கேட்கறாரு. - விருதுநகர் வாசகி

அந்த 20,000ஐ அனுப்பாதீங்க. பார்ட்டின்னு யாருமே கிடையாது. உடனே 1930க்கு போன் பண்ணுங்க, சைபர் கிரைம் நம்பர், பணம் போன அக்கவுன்ட்ல மிச்சம் இருந்தா நிறுத்தி வைக்கலாம், ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். உங்க பேங்குக்கும் சொல்லுங்க. உங்க மெம்பர்ஷிப் நம்பர், மீதி எத்தனை வருஷம்னு எல்லாம் கரெக்டா சொன்னாருன்னு எழுதியிருக்கீங்க, நீங்க நம்பினதுல தப்பே இல்லம்மா. அந்த விவரம் எல்லாம் வெளிய எப்படிப் போச்சுன்னு உங்க கம்பெனியை எழுத்துல கேளுங்க, கேட்டதோட காப்பி வைங்க. வீட்டுல சொல்லலன்னு எழுதியிருந்தீங்க, இன்னைக்கே சொல்லிடுங்க, இதைத் தனியா சுமக்க வேண்டாம்.

அப்பா போன வருஷம் தவறிட்டாரு. அவர் பேர்ல இருந்த மெம்பர்ஷிப்புக்கு என்னை ஃபீ கட்டச் சொல்றாங்க. - வேலூர் வாசகர்

உங்களுக்கு வேணும்னாதான் பேர் மாத்திக்கணும், வேண்டாம்னா எந்த ஃபார்ம்லயும் கையெழுத்து போடாதீங்க. அப்பா இருந்தப்ப வெச்ச பாக்கி ஏதாவது இருந்தா, அவர் விட்டுட்டுப் போன சொத்து அளவுக்குத்தான் அது உங்களைச் சேரும், உங்க சம்பளத்துல இருந்து கட்டணும்னு இல்ல. இறப்புச் சான்றிதழ் காப்பியோட எழுத்துல சொல்லி அனுப்புங்க.

உங்க மெம்பர்ஷிப் இப்ப என்ன ஆச்சு மேடம்? - பல பேர்

2032ல முடியுது. வித்துப் பார்த்தேன், விலை போகல. அம்மா 2019ல போயிட்டாங்க. போன வருஷம் செப்டம்பர்ல மூணு நாள் ஏற்காடு கிடைச்சுது, என் சித்தியையும் சித்தப்பாவையும் எங்க நாள்ல அனுப்பி வெச்சேன். ரெண்டே பேர்ங்கறதால எக்ஸ்ட்ரா பெட் கேட்கல. சித்தி போன் பண்ணி, வெந்நீர் நல்லா வருதுடின்னு சொன்னாங்க.