பெரிய தொகை நாடு கடக்கும்போது: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

"பத்தாயிரம் டாலரைத் தாண்டினால் அரசுக்குத் தெரிந்துவிடுமாமே?" என்று இந்த முறை பலர் கேட்டிருக்கிறீர்கள். தெரியத்தான் செய்யும். ஆனால் தெரிவிப்பது வேறு, வரி விதிப்பது வேறு. இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துப் பயந்து, நேர்மையாகச் சம்பாதித்தவர்கள் தேவையில்லாத சிக்கலில் மாட்டிக்கொள்வதுதான் எனக்கு வருத்தம்.

கேள்வி: நான் அமெரிக்காவில் வேலை பார்க்கிறேன். இந்தியாவில் இருக்கும் பெற்றோர் தங்கள் வீட்டை விற்றுவிட்டார்கள். அப்பா 70,000 டாலரும் அம்மா 50,000 டாலரும் எனக்கு அனுப்பப்போகிறார்கள். நான் வரி கட்ட வேண்டுமா?

பதில்: வேண்டாம். அன்பளிப்பு உங்கள் வருமானம் ஆகாது. ஆனால் தெரிவிக்க வேண்டும். அமெரிக்க வரிக்கு உட்படாத வெளிநாட்டவரிடமிருந்து ஓராண்டில் 1,00,000 டாலருக்கு மேல் அன்பளிப்பு வாங்கினால், வாங்கியவர் படிவம் 3520 தாக்கல் செய்ய வேண்டும். பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். அப்பா அனுப்பியதும் வரம்புக்குள், அம்மா அனுப்பியதும் வரம்புக்குள் என்று விட்டுவிடுகிறார்கள். உறவினர்கள் தந்ததைச் சேர்த்துத்தான் கணக்குப் பார்ப்பார்கள். உங்கள் தொகை 1,20,000. ஆகவே படிவம் கட்டாயம்.

கெடு, வழக்கமாக உங்கள் வருமான வரிக் கணக்குக்கு உள்ள அதே ஏப்ரல் 15. ஆனால் இது தனிப் படிவம், தனியாக அனுப்ப வேண்டும். தவறவிட்டால் மாதத்துக்கு 5 சதவீதம், அதிகபட்சம் 25 சதவீதம் வரை அபராதம் போடச் சட்டம் இடம் தருகிறது. உங்கள் விஷயத்தில் அது 30,000 டாலர் வரை போகலாம். ஒரு பைசா வரி இல்லாத பணத்துக்கு!

பெற்றோர் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் வசிப்பவர் தாராளமயப் பணம் அனுப்பும் திட்டத்தின்படி நிதியாண்டுக்கு ஆளுக்கு 2,50,000 டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம். அன்பளிப்பாக அனுப்பும்போது 10 லட்சம் ரூபாயைத் தாண்டும் தொகைக்கு வங்கி 20 சதவீதம் முன்வரியாகப் பிடிக்கும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம். அவர்கள் வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது அதைக் கழித்துக்கொள்ளலாம், மிச்சம் இருந்தால் திரும்ப வாங்கலாம். வீடு விற்ற லாபத்துக்கான வரி அவர்கள் பொறுப்பு. பணம் கிளம்பும் முன்பே அன்பளிப்புக் கடிதம் ஒன்றை எழுதிக் கையெழுத்து வாங்கி வையுங்கள்.

கேள்வி: என்னிடம் 27,000 டாலர் ரொக்கம் இருக்கிறது. எல்லாம் உழைத்துச் சேர்த்தது. மூன்று நாளில் ஒன்பதாயிரம் ஒன்பதாயிரமாகப் போட்டால் தொல்லை இருக்காது என்கிறார் நண்பர். சரியா?

பதில்: தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். நண்பர் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் பணம் சம்பந்தமாக நான் கேட்டதிலேயே மிக ஆபத்தான யோசனை இது.

ஒரே நாளில் 10,000 டாலருக்கு மேல் ரொக்கம் போட்டால் என்ன நடக்கும்? அமெரிக்காவில் வங்கி ஊழியர் உங்கள் அடையாள அட்டையைப் பார்த்து, ஒரு படிவத்தை நிரப்பி அரசுக்கு அனுப்புவார். அவ்வளவுதான். நீங்கள் நிரப்ப எதுவும் இல்லை, அதற்காக வரியும் வராது. 1970-இல் வந்த வங்கி ரகசியச் சட்டத்திலிருந்து வளர்ந்த நடைமுறை இது. அந்தப் படிவத்தைத் தவிர்க்க வேண்டும் என்றே தொகையைப் பிரித்துப் போடுவது தனிக் குற்றம். பணம் நேர்மையாக வந்ததா இல்லையா என்பதே அங்கே கேள்வி இல்லை, பிரித்த நோக்கம்தான் குற்றம். 5 ஆண்டு வரை சிறை விதிக்கலாம், பணத்தையும் பறிமுதல் செய்யலாம்.

பிரித்துப் போட்டால் கண்ணில் படாது என்பதும் தவறு. சந்தேகம் வந்தால் வங்கி தனி அறிக்கை அனுப்பும், அதற்குப் பத்தாயிரம் வரை காத்திருக்காது. அப்படி அனுப்பியதை உங்களிடம் சொல்லவும் கூடாது என்பது சட்டம். மற்ற நாடுகளிலும் இதே கதைதான். கனடாவில் 24 மணி நேரத்தில் போட்ட சிறு தொகைகளைக் கூட்டிப் பார்ப்பார்கள். இந்தியாவில், தொடர்புள்ள சிறு சிறு ரொக்கப் பரிவர்த்தனைகள் ஒரு மாதத்தில் சேர்ந்து 10 லட்சம் ரூபாயைத் தாண்டினால் வங்கி அறிக்கை தர வேண்டும். ஆஸ்திரேலியாவிலோ, வங்கி வழியாக வெளிநாட்டுக்குப் போகிற, வருகிற பணத்துக்கு வரம்பே கிடையாது. சின்னத் தொகையும் பதிவாகும்.

ஆகவே 27,000-ஐயும் ஒரே முறையில் கொண்டுபோய்ப் போடுங்கள். எப்படிச் சேர்த்தது என்று கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள்.

கேள்வி: விமானத்தில் ரொக்கம் எவ்வளவு எடுத்துப் போகலாம்?

பதில்: பல நாடுகளில் உச்சவரம்பு கிடையாது. குறிப்பிட்ட தொகைக்கு மேல் இருந்தால் சுங்கத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். அமெரிக்காவில் 10,000 டாலருக்கு மேல், ஐரோப்பிய ஒன்றிய எல்லையில் 10,000 யூரோ முதல், சிங்கப்பூரில் 20,000 சிங்கப்பூர் டாலருக்கு மேல். இந்தியாவுக்குள் வரும்போது வெளிநாட்டு நோட்டு 5,000 டாலரையோ, பயணக் காசோலையும் சேர்த்து மொத்தம் 10,000 டாலரையோ தாண்டினால் அறிவிக்க வேண்டும். அமெரிக்காவில் குடும்பமாகப் போனால் எல்லார் கையில் இருப்பதையும் கூட்டிப் பார்ப்பார்கள். ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்து வைப்பது உதவாது.

கேள்வி: இந்தியாவில் இருக்கும் என் தங்கைக்கு மருத்துவச் செலவுக்காக உறவினர் ஒருவர் 3 லட்சம் ரூபாய் ரொக்கமாகக் கடன் தருகிறார். வாங்கலாமா?

பதில்: ரொக்கமாக வேண்டாம். இந்திய வருமான வரிச் சட்டப்படி 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கத்தில் கடன் வாங்கக் கூடாது. மீறினால், வாங்கிய தொகை எவ்வளவோ அவ்வளவும் அபராதமாக வரலாம். அதுவும் வாங்கியவர் தலையில்தான் விழும், கொடுத்தவருக்கு இல்லை. வங்கிக் கணக்குக்கு மாற்றச் சொல்லுங்கள். திருப்பிக் கொடுக்கும்போதும் அதே வழிதான்.

கேள்வி: அமெரிக்காவில் இருக்கிறேன். அம்மாவின் இந்தியக் கணக்கில் என் பெயரும் இருக்கிறது. பணம் முழுக்க அம்மாவுடையது. நான் எதுவும் சொல்ல வேண்டுமா?

பதில்: வேண்டும். இதைத் தவறவிடுபவர்கள் அதிகம். வெளிநாட்டில் உங்கள் பெயரிலோ, கையெழுத்து அதிகாரத்திலோ உள்ள எல்லாக் கணக்குகளும் சேர்ந்து ஆண்டில் ஒரே ஒரு நாள் 10,000 டாலரைத் தாண்டியிருந்தாலும் 'எஃப்பார்' (FBAR) எனப்படும் வெளிநாட்டுக் கணக்கு அறிக்கை தாக்கல் செய்ய வேண்டும். பணம் யாருடையது என்பது பொருட்டில்லை. இது வரித்துறைப் படிவங்களோடு போகாது, நிதிக் குற்றத் தடுப்புப் பிரிவுக்கு இணையத்தில் தனியாக அனுப்புவது. கெடு ஏப்ரல் 15, கேட்காமலே அக்டோபர் 15 வரை நீட்டிப்பு உண்டு. பழைய ஆண்டுகள் விடுபட்டிருந்தால், அரசிடமிருந்து கடிதம் வரும் முன் நீங்களே ஒரு வரி ஆலோசகரோடு உட்கார்ந்து சரிசெய்யுங்கள்.

கேள்வி: வெளிநாட்டிலிருந்து வந்த பணத்தை வங்கி நிறுத்தி வைத்து, எங்கிருந்து வந்தது என்று கேட்கிறது. என்ன செய்வது?

பதில்: கோபப்படாதீர்கள். கேட்கும் ஊழியருக்கு அது சட்டக் கடமை. என்னென்ன ஆவணம் தேவை என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். விற்பனைப் பத்திரம், பணம் கிளம்பிய கணக்கின் அறிக்கை, அன்பளிப்புக் கடிதம், வரி கட்டிய ரசீது, உறவைக் காட்டும் சான்று, இவற்றை ஒரே கட்டாகக் கொடுங்கள். கேட்டதற்கு மட்டும், கேட்ட வரிசையில் பதில் சொல்லுங்கள். கொடுத்ததற்கு ஒப்புகை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.