கடலோர வீட்டு மாடியில் 40 அடி ஹாம் ரேடியோ டவர் போடலாமா? எப்படிப் பராமரிப்பது?

கடலிலிருந்து இரண்டு கிலோமீட்டரில் ஒரு மாடி வீடு, ஹாம் ரேடியோ, அதாவது பொழுதுபோக்காக வானலையில் பேசும் உரிமம் கைக்கு வந்துவிட்டது, மொட்டை மாடியில் 40 அடி டவர் போட்டு உச்சியில் மூன்று எலிமென்ட் பீம் (ஒரே திசையில் அலையைக் குவித்து அனுப்பும், மூன்று குறுக்குக் குழாய் வைத்த) ஆன்டெனா வைக்க ஆசை, பட்டறையில் விலையும் கேட்டாயிற்று, இது சரிவருமா என்று கேட்டிருக்கிறீர்கள். முன்பணம் இன்னும் கொடுக்கவில்லை என்றால் ஒரு வாரம் பொறுங்கள். நான் வேதாரண்யம் பக்கத்துக்காரன். இதே ஆசையோடு தொடங்கி, கஜா புயலில் பறிகொடுத்து, மறுபடி கட்டி இன்றுவரை பேசிக்கொண்டிருப்பவன்.

கூட ஒரே ஒரு ஆளை வைத்துக்கொண்டு அரை மணி நேரத்தில் தரைக்கு இறக்கிவிட முடிகிற கம்பம் எவ்வளவு உயரமோ, அதுதான் உங்களுக்கு ஏற்ற உயரம். நம் கடற்கரையில் இதைவிட முக்கியமான கணக்கு வேறு இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

என் முதல் கம்பம் 30 அடி ஜி.ஐ. பைப். மாடியில் நிறுத்தி, மூன்று பக்கமும் ஸ்டே கம்பி இழுத்து, கைப்பிடிச் சுவரில் கொக்கி பதித்துக் கட்டியிருந்தேன். நான்கு வருடம் அசையவில்லை. 2018 நவம்பர் 16, விடிவதற்கு முன் கஜா கரையைக் கடந்தது. இரண்டு மணி வாக்கில் மாடியில் பெரிய சத்தம். விடிந்து போய்ப் பார்த்தால், கம்பம் மாடியைத் தாண்டிப் பக்கத்து வீட்டு அக்காவின் மாட்டுக்கொட்டகை மேல் கிடந்தது. நல்லவேளை, முதல் நாள் சாயந்திரமே மாட்டை அவிழ்த்து வேறு இடத்தில் கட்டியிருந்தார்கள். ஸ்டே கம்பி அறுபடவில்லை. கம்பியை முறுக்கி இறுக்கும் டர்ன்பக்கிளின் மரை கூடக் கெடவில்லை. கொக்கி மட்டும் தன்னைப் பிடித்திருந்த நான்கு செங்கல்லையும் சேர்த்துப் பிடுங்கிக்கொண்டு வந்திருந்தது. சிமெண்டுப் பூச்சோடு ஒட்டியிருந்த அந்த நான்கு செங்கல்லை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே நின்றேன். கம்பத்துக்கும் கம்பிக்கும் அவ்வளவு செலவழித்துவிட்டு, கடைசியில் எல்லாப் பாரத்தையும் நாலரை அங்குலச் சுவரிடம் கொடுத்திருக்கிறேன். மாடு அங்கே இருந்திருந்தால், அல்லது யாராவது படுத்திருந்தால் என்ற நினைப்பு இன்னும் போகவில்லை.

அதனால் முதலில் காற்றைப் பேசுவோம். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். கட்டடப் பொறியாளர்கள் பயன்படுத்தும் ஐஎஸ் 875 தரநிலையில் சென்னைக்கு அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். கோயம்புத்தூருக்கு 39 மீட்டர். வேகத்தை அதே வேகத்தால் பெருக்கி 0.6 ஆல் பெருக்கினால், ஒரு சதுர மீட்டரில் எத்தனை நியூட்டன் விசை விழும் என்று கிடைக்கும். 50 மீட்டருக்கு 1,500 நியூட்டன், ஏறக்குறைய 150 கிலோ எடை பக்கவாட்டில் தள்ளுவது போல. 39 மீட்டருக்கு 93 கிலோதான். கோவை நண்பரின் டவர் படத்தைப் பார்த்து நாம் அப்படியே செய்யக் கூடாது என்பதற்கு இந்த ஒரு கணக்கே போதும். நீங்கள் சொல்லும் பீம் காற்றுக்குக் காட்டும் பரப்பு சுமார் அரை சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 12 மீட்டர் உயரத்தில் 75 கிலோ இழுவை. அது ஒரு கடப்பாரையின் நுனியில் தொங்குவது போலத்தான். அடியில் நெம்பப்படுவது உங்கள் தளம்.

சரி, 40 அடி இல்லாமல் தூரம் பேச முடியுமா? முடியும். ஹாம்கள் பேசும் அலைவரிசைகளில் ஒன்றான 7 மெகாஹெர்ட்ஸில் 10 மீட்டர் உயரம் என்பது அலைநீளத்தில் கால் பங்கு. அந்த உயரத்தில் கட்டிய டைபோல் (நடுவில் கேபிள் இணைத்து இரு பக்கமும் நீட்டிய கம்பி ஆன்டெனா) தன் சக்தியில் பெரும்பகுதியை மேல்நோக்கி அனுப்பும். அது அயனி மண்டலத்தில் பட்டு ஐந்நூறு கிலோமீட்டர் சுற்றளவில் மழை மாதிரி இறங்கும். பகலில் சென்னை, மதுரை, பெங்களூர், யாழ்ப்பாணம் எல்லாம் பக்கத்து அறையில் பேசுவது போலக் கேட்பது இதனால்தான். அதே 10 மீட்டர், 14 மெகாஹெர்ட்ஸுக்கு அரை அலைநீளம். அங்கே அலை தாழ்ந்த கோணத்தில் கிளம்பி வெளிநாட்டுக்குப் போகும். ஒரே கம்பத்தில் இரண்டும் கிடைக்கும்போது முதல் வருடத்திலேயே பீம் எதற்கு? 144 மெகாஹெர்ட்ஸில் மட்டும் உயரம் நேரடியாகப் பேசும். இரு பக்கமும் 10 மீட்டர் உயரம் இருந்தால் கிட்டத்தட்ட 26 கிலோமீட்டர் பார்வைக்கோடு கிடைக்கும்.

தாழ்வான ஆன்டெனாவிலும் பேச முடியும் என்பதைக் கஜா முடிந்த மூன்றாம் நாள் கண்ணால் பார்த்தேன். கரண்ட் இல்லை, செல்போனில் சிக்னல் இல்லை. விழுந்து கிடந்த சவுக்கு மரம் ஒன்றைக் கழித்து நட்டு, அதில் 20 மீட்டர் கம்பியைக் கவிழ்த்துப் போட்ட வி மாதிரி இறக்கினோம். உச்சி ஆறு மீட்டர் கூட இருக்காது. டிராக்டரிலிருந்து கழற்றிய 12 வோல்ட் பேட்டரியில் 7 மெகாஹெர்ட்ஸில் கூப்பிட்டதும் திருச்சி நண்பர் எடுத்துவிட்டார். தெருக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து வெளியூர்ப் பிள்ளைகளின் போன் நம்பரைச் சொல்ல, அவர் அங்கிருந்து அழைத்து "உங்கள் வீட்டில் எல்லோரும் நலம்" என்று சொன்னார். 2004 டிசம்பர் 26 சுனாமியின்போது போர்ட் பிளேரில் இருந்த ஹாம் பாரதி பிரசாத், வியு4ஆர்பிஐ என்ற அழைப்புக் குறியில் அந்தமானுக்கும் வெளியுலகுக்கும் இடையே செய்தி அனுப்பியதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நாம் ஆன்டெனா கட்டுவதே இப்படி ஒரு நாளுக்காகவும்தான் என்று நான் நம்புகிறேன். அந்த நாளில் நிற்காத 40 அடியை விட நிற்கும் 20 அடி மேல்.

இனி கட்டும் முறை. இப்போது என் கம்பம் மாடியில் இல்லை, வீட்டை ஒட்டித் தரையில் இருக்கிறது. 30 அடி, பி கிளாஸ் (நடுத்தரத் தடிமன்) ஜி.ஐ. பைப். அடியில் கான்கிரீட்டில் பதித்த தகடு, அதில் கதவுக்கு இருப்பது போலக் கீல். கம்பத்தின் அடியிலிருந்து அதற்கு 90 டிகிரியில் பக்கவாட்டில் நீட்டிய சிறு பைப் ஒன்று, அதன் நுனி வழியாகப் போகும் கயிறு, ஒரு கை வின்ச். வின்ச்சைச் சுற்றினால் கம்பம் மெல்லச் சாய்ந்து தரைக்கு வரும்.

சாய்க்கிற கம்பத்துக்கு மூன்று ஸ்டே வேண்டாம், நான்கு வையுங்கள். அதில் இரண்டு பக்கத்து ஸ்டேக்களின் நங்கூரமும் (கம்பியைத் தரையில் கட்டும் இடம்) கீலின் அச்சுக்கு நேர்கோட்டில், கீலின் மட்டத்திலேயே இருக்க வேண்டும். அப்படி இருந்தால் கம்பம் சாயும்போது அந்த இரண்டு கம்பியும் இறுகவும் செய்யாது, தளரவும் செய்யாது; கம்பத்தைப் பக்கவாட்டில் ஆடவிடாமல் கடைசி வரை பிடித்துக்கொள்ளும். ஒரு அடி தள்ளிப்போனாலும் பாதி வழியில் ஒன்று முறுக்கேறும், இன்னொன்று தொங்கும். நூல் பிடித்து அளந்து குழி தோண்டுங்கள். கம்பத்தின் அடியிலிருந்து நங்கூரம் அதன் உயரத்தில் முக்கால் பங்கு தூரத்தில் இருப்பது நல்லது.

கம்பியை முடிக்கும் இடத்தில் திம்பிள் (வளையம் நசுங்காமல் காக்கும் தகடு) போட்டு, ஒரு முனைக்கு மூன்று கிளிப். ஒவ்வொரு கிளிப்பும் ஒரு யூ போல்ட்டும் அதன் எதிரே உட்காரும் சேணமும்தான். யூ போல்ட்டின் வளைவு மடக்கிய கம்பியின் மிச்ச நுனியான குட்டை வால் பக்கம் உட்கார வேண்டும், சேணம் பாரம் தாங்கும் கம்பி மேல். மாற்றிப் போட்டால் யூ போல்ட் பாரக் கம்பியை நசுக்கி, அங்கேயே அறுபடும். பல மாடிகளில் இதைத் தலைகீழாகத்தான் பார்க்கிறேன். டர்ன்பக்கிள் அதிர்வில் தானாகச் சுழன்று கழலாமல் இருக்க, அதன் நடுவே ஒரு துண்டுக் கம்பியை விட்டுக் கட்டிவிடுங்கள். ஸ்டே கம்பி நீளமாக ஒரே துண்டாக இருந்தால் அதுவே ஆன்டெனா மாதிரி அலையை உறிஞ்சும். இடையிடையே முட்டை இன்சுலேட்டர் போடுங்கள். கரண்ட் கம்பத்து ஸ்டேயில் தொங்குமே, அந்தப் பீங்கான் முட்டைதான். அது உடைந்தாலும் இரு வளையமும் ஒன்றோடொன்று கோத்திருப்பதால் கம்பி விடாது.

மாடியைத் தவிர வேறு இடமே இல்லை என்றால் ஸ்டேயைத் தூண் தலைகளிலும் தளத்தின் கான்கிரீட் பீமிலும் மட்டும் கட்டுங்கள். கைப்பிடிச் சுவர் வேண்டவே வேண்டாம்.

கம்பம் எங்கே என்பதை மின்சாரக் கம்பியைப் பார்த்து முடிவு செய்யுங்கள். எந்தத் திசையில் விழுந்தாலும் கம்பமோ, அதில் தொங்கும் ஆன்டெனா கம்பியோ லைனைத் தொடக் கூடாது. கம்ப உயரத்தைப் போல இரண்டு மடங்கு தள்ளி வைத்தால் நிம்மதி. அந்த இடம் கிடைக்கவில்லை என்றால் உயரத்தைக் குறையுங்கள். இதில் பேரம் இல்லை.

ஆன்டெனாவுக்கு வருகிறேன். 143-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் டைபோலின் மொத்த நீளம் மீட்டரில் கிடைக்கும். 7.1-க்கு 20.1 மீட்டர். பக்கத்துக்கு 10.3 மீட்டர் வெட்டி ஏற்றி, அளந்து பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழியுங்கள். நுனிகளில் மின்னழுத்தம் அதிகம், கை எட்டாத உயரத்தில் முடியுங்கள்.

கடற்கரையில் ஆன்டெனாவைக் கொல்வது பெரும்பாலும் கேபிள்தான். புது கம்பம் வைத்த இரண்டாம் வருடம் எனக்கு யாரும் பதில் சொல்லவில்லை. மீட்டரில் எஸ்டபிள்யூஆர் (ஆன்டெனாவிலிருந்து எவ்வளவு சக்தி திரும்பி வருகிறது என்று காட்டும் அளவு; 1-க்கு அருகில் இருந்தால் நல்லது) 1.2, பார்த்தால் எல்லாம் சரி. கம்பத்தை இறக்கி, மேல்முனை இணைப்பிலிருந்து ஒரு சாண் தள்ளிக் கேபிளை வெட்டினேன். செம்பு வலை கரி மாதிரி கறுத்திருந்தது, அழுத்தினால் தண்ணீர் சொட்டியது. நனைந்த கேபிள் சக்தியைத் தானே விழுங்கிவிடும். ஆன்டெனாவிலிருந்து திரும்பி வருவதையும் விழுங்கிவிடும். அதனால் மீட்டர் நல்லதாகக் காட்டும். அன்றிலிருந்து மேல் இணைப்பில் தன்னோடு தானே ஒட்டும் ரப்பர் டேப்பைக் கீழிருந்து மேலாக ஓடு வேய்வது போலச் சுற்றுகிறேன், அதன் மேல் பிவிசி டேப். வீட்டுக்குள் நுழையும் முன் கேபிளை ஒரு தொங்கலாக விட்டால் நீர் அங்கேயே சொட்டிவிடும். 144 மெகாஹெர்ட்ஸுக்கு ஆர்ஜி-58 என்ற மெல்லிய கேபிளை வாங்காதீர்கள். 30 மீட்டரில் ஏறக்குறைய முக்கால் பங்கு சக்தி வழியிலேயே போய்விடும். தடித்த ஆர்ஜி-213 போடுங்கள்.

அலுமினியமும் செம்பும் நேரடியாகத் தொடும் இடத்தில் உப்புக் காற்று பட்டால் சில மாதங்களில் வெள்ளைப் பொடியாகிவிடும். இடையில் ஸ்டெயின்லெஸ் வாஷர் வைத்து கிரீஸ் தடவுங்கள். போல்ட் வாங்கும்போது 316 கிரேடு என்று கேட்டு வாங்குங்கள், 304 கடலோரத்தில் புள்ளி புள்ளியாகத் துருப்பிடிக்கும்.

இடி விஷயத்தில் கம்பத்துக்கும் ரேடியோவுக்கும் தனித்தனி எர்த் போட்டுவிட்டு வீட்டு எர்த்தோடு சேர்க்காமல் விடுவது ஆபத்து. இரண்டுக்கும் இடையே உண்டாகும் அழுத்த வேறுபாடு உங்கள் ரேடியோ வழியாகத்தான் பாயும். எல்லாவற்றையும் தடித்த செம்புப் பட்டையால் இணையுங்கள். வானம் இருட்டினால் கேபிளைக் கழற்றி ஜன்னலுக்கு வெளியே போட்டுவிடுங்கள். நான் ரேடியோவை நிறுத்தியதுமே கழற்றிவிடுகிறேன், மேகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

பராமரிப்புக்கு எனக்கு இரண்டு நாள். ஆடிக் காற்றுக்கு முன் ஒன்று, ஐப்பசி மழைக்கு முன் ஒன்று. கம்பத்தை இறக்கிக் கிடத்தி, கிளிப்பின் நட்டுகளை ஒரு சுற்று இறுக்கி, துருப்பிடித்த இடத்தைத் தேய்த்து ரெட் ஆக்சைடு அடித்து, நைலான் கயிறு வெயிலில் முறமுறவென்று ஆகியிருந்தால் மாற்றி, காக்கை கொண்டுவந்து சொருகிய கம்பித் துண்டுகளை எடுத்துவிட்டு ஏற்றுவேன். ஸ்டேயை வீணைத் தந்தி போல முறுக்காதீர்கள். அறுபடும் வலிமையில் பத்து சதவீத இழுவை போதும். ஏற்றியதும் 7.050, 7.100, 7.150 மூன்றிலும் எஸ்டபிள்யூஆர் அளந்து நோட்டில் எழுதி வைக்கிறேன். போன தடவை எண்ணோடு ஒப்பிட்டால், திடீரென்று "நன்றாக" ஆகியிருப்பதைக் கூடச் சந்தேகப்படத் தெரியும். புயல் அறிவிப்பு வந்தால் அன்றே இறக்கிவிடுவேன். 2018-க்குப் பிறகு வந்த ஒரு புயலையும் இந்தக் கம்பம் நின்றுகொண்டு சந்திக்கவில்லை.

பட்டறை அண்ணனிடம் டவருக்குச் சொன்ன விலையை ஒதுக்கி வைத்துவிட்டு, கீல் வைத்த அடித்தட்டுக்கும் நான்கு நங்கூரக் கம்பிகளுக்கும் விலை கேளுங்கள். குழி தோண்டுவதை மழைக்காலம் முடிந்து தை பிறந்ததும் வைத்துக்கொள்ளுங்கள். மண் இறுகியிருக்கும், காற்றும் அடங்கியிருக்கும். கான்கிரீட் போட்டால் நான்கு வாரம் ஆறவிடுங்கள். அதற்குள் வீட்டைச் சுற்றி மின்கம்பி எங்கே போகிறது, தூண்கள் எங்கே நிற்கின்றன என்று ஒரு தாளில் வரைந்து, அளவுகளோடு கருத்துப் பகுதியில் போடுங்கள். கீலின் அச்சு எந்தத் திசையில் வர வேண்டும் என்று சேர்ந்து பார்ப்போம்.